சீமாட்டியின் வலது முன்னங்கால்

ஜூன் 4

மழைக்கும் காற்றுக்கும் கணக்கெழுதும் மகாராணியும், நடுக்கடல் தீவின் ஏக சக்கரவர்த்தினியும், என் ஒரே அக்காளின் ஒரே மகளுமான மருமகளுக்கு மாமன் எழுதுவது.

நீ படகேறிப் போய் ஒரு மாதமாகிறது. உன் குதிரை சீமாட்டி நலம். சொல்லப்போனால் இருபத்து நாலு வயதில் இவ்வளவு நலமாக எந்தக் குதிரையும் உலகத்தில் இருந்ததில்லை. போகிற வருகிற ராஜாக்கள் எல்லாம் வேலியோரம் வண்டியை நிறுத்திப் பெருமூச்சு விடுகிறார்கள். முப்பது வருஷமாக ஏலக் கூடத்தில் உடைந்த நாற்காலிகளைக் கூவி விற்ற தொண்டை இது. ஆனால் இவளைப் புகழ இந்தத் தொண்டை போதவில்லை.

லாயத்துக் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன காகிதத்தை வேதம்போலப் பின்பற்றுகிறேன். ஒன்பது கட்டளைகளில் நான்காவது: "குளம்பு காயக் கூடாது. காய்ந்தால் வெடிக்கும்." ஏற்கெனவே வலுவில்லாத குளம்பு என்று நீ படித்துப் படித்துச் சொன்னதை மறப்பேனா? காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஒவ்வொரு காலாக வாளியில் நிறுத்தி ஊறவைக்கிறேன். நான் இறைத்த இறைப்பில் ஏழு கிணறு வற்றி, எட்டாவது கிணறு என்னைக் கண்டதும் ஓடி ஒளிகிறது. அப்புறம் எண்ணெய். அவள் குளம்பில் முகம் பார்த்துத்தான் நான் சவரம் செய்கிறேன்.

வலது முன்னங்காலின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னத் துண்டு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. லாடக்காரர் பார்த்துவிட்டு "ம்" என்றார். அவர் வாயிலிருந்து வருஷத்துக்கு நாலு சொல்தான் வரும். அதில் ஒன்றை இதற்குச் செலவழித்திருக்கிறார்.

உன் அம்மா சௌக்கியம். என்னைத் திட்டுவதிலிருந்து அது தெரிகிறது.

மாமா

ஜூன் 8

அன்புள்ள மாமாவுக்கு,

பதினைந்து நாளுக்கு ஒரு படகு. அதுவும் ஒரு மணி நேரம்தான் நிற்கும். மூட்டை இறக்கி முடிப்பதற்குள் உங்கள் கடிதத்தைப் படித்து, பதிலும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இங்கே தொலைபேசி கிடையாது. ரேடியோ இருக்கிறது; அதில் மழைக்கணக்கைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது.

கடிதத்தை நம் வீட்டு வழக்கப்படி பத்தால் வகுத்துப் படித்தேன். அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வகுத்தல் கணக்கே அதுதான்: "உங்க மாமா எது சொன்னாலும் பத்தால வகு." இங்கே என் மழைமானியும் உங்களைப் போலத்தான். அகன்ற வாயில் விழும் மழை ஒடுக்கமான குழாயில் இறங்குவதால் பத்து மடங்கு உயரமாக நிற்கும். வகுத்தால்தான் உண்மையில் பெய்த மழை தெரியும். தினமும் காலையில் அதைப் படிக்கும்போது உங்கள் ஞாபகம் வருகிறது.

நாளைக்கு மூன்று வேளையை வகுத்தால், மூன்று நாளைக்கு ஒரு தடவை கால் கழுவுகிறீர்கள் என்று வருகிறது. போதும், அப்படியே செய்யுங்கள். உதிர்ந்த துண்டு எவ்வளவு பெரியது? நொண்டுகிறாளா? இந்த இரண்டுக்கும் மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள்.

குதிரைப் பயிற்சிப் பள்ளியை மூடியபோது மற்ற பதினோரு குதிரைகளையும் யார் யாரோ கூட்டிப்போனார்கள். இவள் கால்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதனால்தான் இப்படி நச்சரிக்கிறேன். அடுத்த மார்ச் வரை என்னால் இங்கிருந்து அசைய முடியாது.

படகுக்காரர் கூப்பிடுகிறார்.

ஜூன் 18

தீவின் திருவிளக்கே,

நேராகப் பதில் எழுதச் சொன்னாய். நேராக என்றால் என்னவென்று அகராதியில் தேடினேன். அந்தப் பக்கத்தை எலி தின்றிருக்கிறது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நோவாமல் பெய்கிற மழை இல்லை. மீன்கள் மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டுகிற மழை. இதற்கு நடுவே திங்கட்கிழமை சீமாட்டியின் வலது முன்னங்கால் லாடம் கழன்று விழுந்தது. விழுந்த சத்தத்தில் பக்கத்து ஊரில் போர் மூண்டுவிட்டதென்று நினைத்து மூட்டை கட்டிவிட்டார்கள். ஆணிகள் சும்மா வரவில்லை, குளம்பின் ஓரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தன. லாடக்காரர் இந்தத் தடவை ஒரு முழு வாக்கியம் பேசினார்: "ஆணி அடிக்க இடமே இல்லீங்க, அடிச்சா உதிருது." ஈரம் எங்கேயாவது படுகிறதா என்று கேட்டார். மழைக்காலம்தானே என்றேன். மேலே பார்த்தார், மழையைப் பார்த்தார், போய்விட்டார்.

மூன்று நாளாகச் சீமாட்டி படுத்தே இருக்கிறாள். தண்ணீர் குடிக்க மட்டும் எழுந்து, குடித்ததும் திரும்பப் படுத்துவிடுகிறாள். அவளை உற்சாகப்படுத்த நான் பாடிய பாட்டு ஏழு கண்டத்திலும் கேட்டு, நாலு கண்டத்தில் மறியல் நடந்தது. அவள் காதை மட்டும் மடக்கிக்கொண்டாள். தவிட்டைக் காட்டினால் மூக்கு வருகிறது, குதிரை வர மாட்டேனென்கிறது.

ஊறவைப்பதை நிறுத்தவில்லை. படுத்திருப்பவளுக்கு வாளி சரிப்படாது என்று ஈரச்சாக்கைச் சுற்றிவிடுகிறேன். நீ ஒன்றும் கவலைப்படாதே. கவலைப்படுவதற்கென்றே இங்கே ஓர் ஆளை நியமித்திருக்கிறேன். அவன் என் சட்டையைத்தான் போட்டிருக்கிறான்.

மாமா

ஜூன் 22

மாமா,

இன்றைக்குப் படகு அரை மணி நேரம்தான். காற்று மாறுகிறது.

லாடம் விழுந்தது நிஜம் என்று எடுத்துக்கொள்கிறேன், லாடத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் விழ முடியாது. மூன்று நாள் படுக்கையை வகுத்தேன்: ஏழு மணி நேரம். வயதான உடம்பு, மழை நாள், படுத்துத் தூங்கட்டும். எழுப்பாதீர்கள், பாடாதீர்கள். லாடமில்லாத குளம்பு சீக்கிரம் வெடிக்கும், அதனால் ஈரம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொண்டுகிறாளா என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

ஜூலை 3

மருமகளுக்கு,

சீமாட்டி பதினேழு நாளாகப் பாதி நேரத்துக்கு மேல் படுத்திருந்தாள். நேற்று வலது முன்னங்காலைத் தரையில் வைக்கவே இல்லை. கால்நடை டாக்டரம்மாவை அழைத்து வந்தேன்.

குளம்புக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. அடிப்பக்கம் சின்னதாகக் கத்தியால் சுரண்டியதும் கறுப்புத் தண்ணீர் வந்தது. வெளிப்பக்கச் சுவர், பழைய ஆணித்துளைகள் வரைக்கும் உடைந்திருக்கிறது.

டாக்டரம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை நனைக்கிறேன் என்று கேட்டார். மூன்று என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு மாதமாக என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு மாசம் தண்ணியிலயே வேலை செய்யற கை எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களா? நகம் ஊறி, மெத்துனு, தொட்டா பிஞ்சிடும். இவ அந்த நகத்து மேலதான் நிக்கறா."

இன்னும் முன்னாடியே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். தூங்கட்டும் என்று நீ எழுதியிருந்ததைச் சொல்லவில்லை. குதிரையைப் பற்றி உனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சும்மா இருந்தேன். நான் எழுதினால் எப்படிப் படிப்பாய் என்பது எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இனிமேல் என்ன என்று கேட்டேன். புதுக் குளம்பு மேலே, மயிரும் குளம்பும் சேருகிற மயிர்க்கோட்டிலிருந்து இறங்கி வரும். இறுக்கமாக இறங்கினால் பிழைப்பாள். உள்சதையிலிருந்து பிரிந்து இறங்கினால், "அப்புறம் அவளை நிக்கச் சொல்றது பாவம். ஊசி போட்டு அனுப்பிடறதுதான் நல்லது. குதிரை யாரோடது?" என்றார். உன்னுடையது என்றேன். உன் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். உனக்குக் கடிதம் போய்த் திரும்பும்வரை அவள் வலியோடு காத்திருக்க முடியாதாம்.

இன்று ஏலக் கூடத்துக்குப் போனேன். ஒரு பழைய மேஜை. ஒரு தரம் என்றேன், இரண்டு தரம் என்றேன். மூன்றாம் தரம் வாயில் வரவில்லை. கேட்டவர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இதில் எதையும் வகுக்காதே.

மாமா

ஜூலை 6

மாமா,

உங்கள் கடிதத்தில் ஒரு ராஜாவும் இல்லை, ஒரு கிணறும் இல்லை. முதல் வரியைப் படித்ததும் படகு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பழைய இரண்டு கடிதங்களையும் எடுத்து வகுக்காமல் படித்தேன். மூன்று வேளை என்றால் மூன்று வேளை. மூன்று நாள் என்றால் மூன்று நாள். எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ராஜாக்களோடு சேர்த்து அதையும் நான் வகுத்துவிட்டேன்.

கதவில் இருக்கும் காகிதத்தில் நான்காவது வரியை அடித்துவிடுங்கள். அது கோடையில் எழுதியது. மழை வந்தால் என்ன செய்வது என்று எழுத மறந்தேன். மழை எப்போது வரும் என்று சொல்வதுதான் எனக்கு வேலையே.

இனிமேல் குளம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். தரை காய்ந்திருக்க வேண்டும். நனைந்த வைக்கோலை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். காலையும் மாலையும் குளம்பின் அடியில் ஒட்டிய அழுக்கைக் குத்தி எடுத்துத் துடையுங்கள். டாக்டரம்மா சொல்லும் சத்து மாவைத் தவிட்டில் கலந்து கொடுங்கள். அது வேலை செய்கிறதா என்று தெரியவே மாதங்கள் ஆகும். லாடக்காரரை ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை வரச்சொல்லுங்கள், அவர் "ம்" என்றால் விடாதீர்கள், விளக்கம் கேளுங்கள்.

இதோடு என்னுடைய இரும்பு அளவுகோலை அனுப்புகிறேன். மழைமானி மாதிரி இல்லை, இதில் வகுக்க ஒன்றும் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒட்டிய கவர். நீங்கள் கேட்டதை அதில் எழுதியிருக்கிறேன். மூன்று வரி எழுத முப்பது நிமிஷம் ஆனது. டாக்டரம்மா சொன்னால் மட்டும் பிரியுங்கள். அதற்கு முன்னால் பிரிக்காதீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் வேண்டாம்.

நான் இனி வகுக்க மாட்டேன் மாமா. நீங்களும் பெருக்காதீர்கள்.

ஜூலை 16

மருமகளுக்கு,

பெருக்காமல் எழுதுவது எனக்கு ஒரு காலைக் கட்டிக்கொண்டு ஓடுவதுபோல இருக்கிறது. சீமாட்டியும் நானும் இப்போது ஒரே ஜாதி.

விவரம். மூடிப்போன உடற்பயிற்சிக் கூடத்தின் ரப்பர் விரிப்புகள் ஏலத்துக்கு வந்திருந்தன. யாரும் கேட்கவில்லை, நானே கேட்டு நானே விட்டுக்கொண்டேன். லாயம் முழுக்க விரித்து மேலே மரச்சீவல் பரப்பியிருக்கிறேன். காய்ந்திருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்தேன், அப்புறம் உன் அம்மா வந்து தொட்டுப் பார்த்தாள், என் கை சாட்சியாகாது என்றாள். மூடிப்போன சலூனிலிருந்து வந்த முடி உலர்த்தும் கருவியால் குளம்பையும் காயவைத்தேன். டாக்டரம்மா அதை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சீழ் நின்றுவிட்டது. வலது முன்னங்காலுக்கு லாடக்காரர் ஒரு ரப்பர் காலணி கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். ஆணி வேண்டாம், வார் போட்டுக் கட்டுவது. படுத்திருக்கும்போது கழற்றிக் காற்றாட விடுகிறேன். நிற்கிறாள். நடக்கவில்லை. தன் மூலையை விட்டு ஒரு அடி வைத்து நான் பார்க்கவில்லை. தண்ணீரும் தவிடும் மூலைக்கே போகின்றன. நொண்டுகிறாளா என்று கேட்டிருந்தாய். நொண்டுவதற்கும் நடக்க வேண்டுமே.

ஐந்தாம் தேதி லாடக்காரர் மயிர்க்கோட்டை ஒட்டி, குளம்பில் அரத்தால் மெல்லியதாக ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே வருவதெல்லாம் புதுக் குளம்பு. இன்று மூன்று மில்லிமீட்டர். மூன்று என்றால் மூன்று.

கோட்டுக்குக் கீழே, பழைய குளம்பில் ஒரு விரிசல் இருக்கிறது. அது மேலே ஏறிக் கோட்டைத் தாண்டிப் புதுக் குளம்பைப் பிளந்தால் கவரைப் பிரிக்க வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். விரிசலின் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர். அந்த நான்கு மில்லிமீட்டரைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை அளக்கிறேன். மூன்று வேளையும் ஏதாவது செய்யாவிட்டால் எனக்கு ஆகாது போலிருக்கிறது.

கவரைத் தவிட்டு டப்பாவின் மூடியில் செருகி வைத்திருக்கிறேன். வீட்டில் வைத்தால் அது என்னையே பார்க்கிறது.

மாமா

ஆகஸ்ட் 3

மாமா,

போன படகில் நான் அனுப்பிய இரண்டு வரி கிடைத்ததா? இன்றைக்குப் படகு வரவில்லை. அலை அதிகம். வராது என்று நான்தான் நேற்றுக் கணக்குப் போட்டு ரேடியோவில் சொன்னேன். சரியாகச் சொன்னதற்காக மேலதிகாரி பாராட்டினார்.

ஆகஸ்ட் 17

இன்றும் இல்லை. ரேடியோவில் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டுமா என்று மேலதிகாரியிடம் அனுமதி கேட்டேன். "என்ன கேள்வி?" என்றார். ஒரு குதிரையின் குளம்பு எத்தனை மில்லிமீட்டர் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஓய்வெடுக்கச் சொன்னார்.

அறைச் சுவரில் பென்சிலால் நான்கு மில்லிமீட்டர் வரைந்து வைத்திருக்கிறேன். ஒரு அரிசியின் நீளம்கூட வராது.

ஆகஸ்ட் 31

கவரில் என்ன எழுதினேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. திருத்த வேண்டும் போல இருக்கிறது. எதைத் திருத்துவதென்று தெரியவில்லை. ஊசி போடும்போது அவளை இடது பக்கமாக நின்று பிடிக்கச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். வலது பக்கம் ஆள் நின்றால் மிரளுவாள்.

செப்டம்பர் 14

படகு வந்தது. தபால் பையை நானே பிரித்தேன். மூன்று முறை உதறினேன். அம்மாவிடமிருந்து, ஆகஸ்ட் முதல் வாரத்தில் எழுதிய ஒரு கடிதம்: முழங்கால் வலி பற்றி ஒரு பக்கம், கடைசியில் "உன் மாமா லாயமே கதின்னு கிடக்கறான், கேட்டா பேச மாட்டேங்கறான்." உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை.

நீங்கள் பேச மாட்டேன் என்கிறீர்களா? மாமா, கவரைப் பிரித்துவிட்டீர்களா? ஆமாம் அல்லது இல்லை. ஒரு சொல் போதும், இதே படகில் திரும்பி வரட்டும்.

செப்டம்பர் 24

சப்த சமுத்திரங்களையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலையும் சக்கரவர்த்தினிக்கு, அவள் குதிரையின் அந்தரங்கக் காரியதரிசியும் குளம்புத்துறை அமைச்சருமான மாமன் சிரம் தாழ்த்தி எழுதுவது.

இல்லை.

நீ கேட்ட ஒரு சொல் அதுதான். ஆனால் ஒரு சொல்லோடு நிறுத்தினால் நான் யார்?

முதலில் திட்டை வாங்கிக்கொள்கிறேன். ஏன் எழுதவில்லை? ஏழு கடிதம் எழுதினேன். (வகுக்காதே, ஏழுதான்.) ஒன்றையும் அனுப்பவில்லை. பயத்தை எழுதினால், வழக்கம்போலப் பெருக்குகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. தைரியத்தை எழுதினால் அது பொய்யாக இருந்தது. அளவுகோலில் சொல்லும்படியாக ஒரு எண் வரட்டும், அதை மட்டும் எழுதலாம் என்று இருந்தேன். நீ பையை மூன்று முறை உதறுவாய் என்பதை நினைக்காமல் போனேன். இதற்கு எனக்கு எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடு, ஊறவைப்பதைத் தவிர.

விரிசல் ஏறியது. ஆகஸ்ட் பத்தாம் தேதி நான்கு இரண்டானது. பத்தொன்பதாம் தேதி ஒன்று. மறுநாள் காலை டாக்டரம்மா வந்தார். குனிந்து பார்த்தார், உன் அளவுகோலை வைத்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "கவரை எடுத்து வைங்க, கொஞ்சம் பேசலாம்" என்றார். இருவரும் வெளியே போய்க் கை கழுவினோம். லாடக்காரரும் வந்து சேர்ந்தார். குழாயடியில் நின்று மூன்று பேரும் ஒரே துண்டில் கையைத் துடைத்துக்கொண்டோம். நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். துண்டை லாடக்காரர்தான் என்னிடமிருந்து வாங்கினார்.

உள்ளே வந்தால் மூலையில் சீமாட்டி இல்லை.

தவிட்டு டப்பா எதிர்ச்சுவரோரம், அவள் மூலையிலிருந்து ஆறடி தள்ளி இருக்கிறது. அங்கே நின்றிருந்தாள். மூடியைத் தள்ளிவிட்டு மூக்கை உள்ளே விட்டிருந்தாள். தலையைத் தூக்கினாள். வாயோரம் ஒரு வெள்ளை மூலை நீட்டிக்கொண்டிருந்தது. உன் கவர். எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டே, அவசரப்படாமல், மென்று மென்று, விழுங்கினாள்.

எனக்குக் கவரைப் பற்றித்தான் அலறத் தோன்றியது. டாக்டரம்மா கவரைப் பார்க்கவே இல்லை. அவள் கால்களைப் பார்த்தார். "இங்க எப்படி வந்தா?"

"நடந்து," என்றார் லாடக்காரர். அவருடைய இந்த வருஷத்துச் சொற்கள் அதோடு தீர்ந்தன.

டாக்டரம்மா அவளைத் திருப்பி மூலைக்கு நடத்திப் பார்த்தார். மெதுவாக, ஆனால் வலது முன்னங்காலை ஊன்றித்தான் போனாள். பத்து நாள் பொறுப்போம் என்றார். விரிசலின் நுனியில் லாடக்காரர் குறுக்கே சின்னதாக ஒரு பள்ளம் அரத்தால் தேய்த்துவிட்டார், மேலே ஏறாமல் இருக்க. பத்து நாளில் அது ஏறவில்லை. இருபது நாளிலும் ஏறவில்லை. நேற்று வரையிலும் ஏறவில்லை.

முழுக் குளம்பும் புதிதாக இன்னும் ஒன்பது மாதம் பிடிக்குமாம். நடுவில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நான் இப்போதும் மூன்று வேளையும் அளக்கிறேன். இடது முன்னங்காலையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஆனால் சனிக்கிழமை ஏலக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரிக்கு மூன்றாம் தரம் சொன்னேன். சொன்ன சொல்லில் கண்ணாடி அத்தனையும் அதிர்ந்து, மூன்று நாட்டு மன்னர்கள் மயங்கி விழுந்தார்கள். இதை நீ தாராளமாக வகுத்துக்கொள்.

கவரில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது, இனிமேல் தெரியப்போவதும் இல்லை. படித்தவள் ஒருத்திதான், அவள் வாயைத் திறக்க மாட்டாள். அவள் வாயிலிருந்து மரச்சீவலில் விழுந்த ஒரு துண்டை இதோடு வைத்திருக்கிறேன். நீ ஒட்டிய மடிப்பில் பாதியும் பல் பதிந்த இடமும் இருக்கின்றன. நான் கதை விடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

கதவுக் காகிதத்தில் நான்காவது வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீ எழுதி அனுப்பும்வரை நானாக எதையும் எழுதுவதாக இல்லை.

நேற்று, லாடக்காரர் பிடித்துக்கொள்ள, உன் அம்மா அளவுகோலை வைத்துப் படித்தாள். என் கண்ணும் சாட்சியாகாதாம். மயிர்க்கோட்டிலிருந்து கோடு வரை, விரிசல் இல்லாமல், இறுக்கமாக, இருபத்திரண்டு மில்லிமீட்டர்.

மாமா